வடசென்னையில் பனிக்காலச் சாப்பாடு: ஐப்பசி மழை முதல் மாசிப் பனி வரை, ஆயுர்வேத முறையில் முழுமையான வழிகாட்டி

நெய், எள், உளுந்து, வெல்லம், பால், கறிச்சாறு. பனிக்காலத்துக்கு ஆயுர்வேதம் சொல்லும் உணவு எது என்று யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டியல்தான் வரும். பட்டியலில் தவறில்லை. வியாசர்பாடித் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஐப்பசியிலேயே அதைச் சாப்பிட ஆரம்பிப்பதுதான் தவறு. நாலாவது நாள் வயிறு உப்பும், நாக்கில் வெள்ளை படியும், நெஞ்சில் சளி கட்டும். "நமக்கு இந்த வைத்தியம் ஒத்துவரலை" என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

மழை வேறு, பனி வேறு

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 6ஆம் அத்தியாயம் பருவ ஒழுக்கத்தைப் பேசுகிறது. ஹேமந்தத்தில், அதாவது முன்பனிக் காலத்தில், வெளியே குளிர் சூழ்ந்துகொள்வதால் உடம்பின் சூடு உள்ளே அடைபட்டு, செரிக்கும் தீ வலுவாகும் என்பது அதன் கணக்கு. அப்போது தீக்கு ஏற்ற கனமான உணவைப் போடாவிட்டால் அது உடம்பின் சாரத்தையே எரிக்கும், வாதம் என்னும் காற்றுக் கூறு கிளம்பும். பின்பனியான சிசிரத்துக்கும் ஏறக்குறைய இதே முறைதான். மழைக்காலத்துக்குச் சொல்வதோ நேர் எதிர்: செரிக்கும் தீ மங்கியிருக்கும், தண்ணீர் கெட்டிருக்கும், ஆகவே பழைய தானியம், காய்ச்சிய நீர், எளிதில் செரிக்கும் சூடான சாப்பாடு. காற்றும் மழையும் சேர்ந்து குளிரும் நாளில் மட்டும் புளிப்பும் உப்பும் நெய்ப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்.

வட இந்தியாவில் மழை ஆடி, ஆவணியில் முடிந்து, நடுவில் ஒரு தெளிந்த பருவம் வந்த பிறகுதான் பனி வரும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. மழை ஓய்வதற்குள் பனி தலைநீட்டிவிடும். அந்தப் பனியும் இமயமலைக் குளிர் இல்லை; ஜனவரி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் நாள்காட்டியில் மாதத்தைப் பார்த்துச் சமைக்காமல், வானத்தையும் வயிற்றையும் பார்த்துச் சமைக்க வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கால விதியில் ஓடட்டும். மார்கழியும் தையும் ஹேமந்த விதியில் போகட்டும். மார்கழியில் புயல்சின்னம் வந்து மூன்று நாள் கொட்டினால் அந்த மூன்று நாளும் மழைக்கால விதிக்குத் திரும்புங்கள்.

நம் பண்டிகைச் சாப்பாடும் இதே வரிசையில்தான் இருக்கிறது. ஐப்பசித் தீபாவளிக்கு லேகியம். கார்த்திகைத் தீபத்துக்குக் காற்றாய் லேசான பொரி உருண்டை. மார்கழித் திருவாதிரைக்குக் களி, கூடாரவல்லிக்கு நெய் வழியும் அக்காரவடிசில். தை முதல் நாள் புத்தரிசிப் பொங்கல். புது அரிசி கனமானது, கபம் என்னும் சளிக் கூற்றைக் கூட்டுவது. தீ நன்றாக எரியும் பருவத்தில் அதைத் தாங்கலாம் என்றுதான் ஆயுர்வேதமும் ஹேமந்தத்தில் அதை அனுமதிக்கிறது.

முதல் படி: பசியைச் சோதிப்பது

தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன் ஒரு நிமிடம் போதும். நாக்கைப் பாருங்கள். மெல்லிய பூச்சு இருந்தால் சரி. வழித்தால் வரும் அளவுக்குத் தடித்த வெள்ளை இருந்தால் நேற்றைய சாப்பாடு முழுதாகச் செரிக்கவில்லை. ஏப்பத்தில் நேற்றைய குழம்பு வாசனை வருகிறதா, வயிறு ஒழுங்காகப் போனதா, உடம்பு லேசாக இருக்கிறதா, காலை எட்டு மணிக்குள் தானாகப் பசிக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் இரண்டு சரியில்லை என்றாலே அன்று உளுந்தும் எள்ளும் கறியும் வேண்டாம். கஞ்சியும் ரசமும் போதும். எல்லாம் சரியாக இருந்தால், அதுவும் மார்கழி பிறந்த பிறகு, தாராளமாகச் சாப்பிடலாம்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வயிற்றில் பாதி திடமான உணவு, கால் பங்கு நீர்ப்பொருள், மீதிக் கால் பங்கு காலி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஐஸ் பெட்டி தூக்குகிறவருக்கும், நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தப் பாதி ஒன்றாக இருக்காது. ஹேமந்த விதியில் கனமான உணவோடு உடற்பயிற்சியும் எண்ணெய்த் தேய்ப்பும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. உடம்பு அசையாமல் நெய்யை மட்டும் கூட்டினால் அது இடுப்பில்தான் சேரும்.

இரண்டாம் படி: ஐப்பசி, கார்த்திகைச் சமையல்

முதலில் தண்ணீர். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி தட்டிய சுக்கும் அரைத் தேக்கரண்டி சீரகமும் போட்டு, முக்கால் லிட்டராகச் சுண்டியதும் வடிகட்டி, வெதுவெதுப்பாக நாள் முழுக்கக் குடிக்கலாம். சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், வெள்ளம் புகுந்தால் ஒரு எச்சரிக்கை: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்த மாதிரி எண்ணெய்யோ ரசாயனமோ கலந்திருந்தால், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள். சம்ப்பைக் கழுவும்வரை கேன் தண்ணீர்தான்.

சுக்கு வாங்கினால் மேல்தோலைச் சுரண்டிவிட்டுத்தான் தட்ட வேண்டும். "சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு" என்பது பாட்டிமார் சொல். கத்தியின் முதுகால் சுரண்டினாலே தோல் வந்துவிடும்.

காலை நாஷ்டாவுக்கு இட்லி, இடியாப்பம், பூண்டுக் கஞ்சி இவை மூன்றும் மழைக்காலத்துக்கு ஏற்றவை. கஞ்சிக்குப் பழைய புழுங்கலரிசி நொய் அரை டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, பூண்டு பத்துப் பல், வெந்தயம் கால் தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஐந்து டம்ளர். குக்கரில் நாலு விசில், பிறகு உப்பு, ஒரு தேக்கரண்டி நெய். வெந்தயத்தைக் கூட்டினால் கசந்து பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

பழைய சோறு சாப்பிட்டுத்தான் வேலைக்குப் போவேன் என்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. வெயில் காலத்துக்கு அதைவிட நல்லது இல்லை. அடைமழை நாளில் மட்டும் அதை மதியம் வெயில் தலைகாட்டிய பிறகு வைத்துக்கொண்டு, காலையில் சூடான கஞ்சிக்கு மாறுவது நல்லது. இரவே கரைத்துப் புளிக்க வைத்த கூழுக்கும் இதேதான்.

மதியத்துக்குக் கொள்ளு ரசம். அரை டம்ளர் கொள்ளை முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக நாலு டம்ளர் விட்டுக் குக்கரில் ஆறேழு விசில் வேகவிடுங்கள். வெந்த நீரை வடித்து, கொள்ளில் இரண்டு கரண்டி மட்டும் மசித்துச் சேர்க்கவும். சின்ன நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி. மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு ஆறு பல் மூன்றையும் கொரகொரப்பாகத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்கவும். தளதளவென்று கொதிக்க விட்டால் மிளகின் மணம் போய்க் காரம் மட்டும் நிற்கும். ஊறவைக்காமல் வேகவைத்தால் வயிறு உப்பும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை மறக்க வேண்டாம்: ஒல்லியானவர்களும் பித்த உடம்புக்காரர்களும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது, கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

சளி பிடிக்கிற மாதிரி இருந்தால் கொள்ளுக்குப் பதில் தூதுவளை. இருபது இலை எடுத்து, இலையின் பின்நரம்பில் இருக்கும் முள்ளைக் கிள்ளி, நெய்யில் சுருள வதக்கி அரைத்து, சாதாரண மிளகு ரசத்தில் கடைசியாகக் கலக்கவும். முள்ளை எடுக்காமல் அரைத்தால் தொண்டையில் உறுத்தும். வதக்காமல் போட்டால் பச்சை வாடை அடிக்கும்.

லேகியத்தைத் தீபாவளிக் காலை ஒருநாள் நக்கிவிட்டு மறந்துவிடுகிறோம். மழை முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அது. பார்க் டவுன் ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் சரக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தனியா 20 கிராம், சுக்கு 10, சீரகம் 10, மிளகு, ஓமம், திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை வகைக்கு 5 கிராம். சித்தரத்தையை முதலில் உரலில் இடித்துக்கொள்ளுங்கள், முழுதாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். எல்லாவற்றையும் வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வறுத்து, அரைத்து, சலிக்கவும். இஞ்சி 100 கிராமைச் சாறு பிழிந்து கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிவதை விட்டுவிட்டு மேல் சாற்றை மட்டும் எடுக்கவும்.

வெல்லம் 200 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றுங்கள். கொதித்ததும் இஞ்சிச் சாறு, பிறகு பொடியைத் தூவித் தூவிக் கிளறவும். தீ சிறியதாகவே இருக்கட்டும். 50 மில்லி நெய்யும் 50 மில்லி நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் பிரியும். அந்த நொடியே இறக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் ஆறியதும் கமர்கட்டு ஆகிவிடும். நன்றாக ஆறிய பிறகே இரண்டு மேசைக்கரண்டி தேன். சூட்டில் தேன் சேர்ப்பதை ஆயுர்வேதம் அடியோடு தடுக்கிறது. அளவு சுண்டைக்காய் அளவு, காலையில் சாப்பாட்டுக்கு முன். சுவை பிடித்துப்போய் எலுமிச்சை அளவு உருட்டிச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும்.

மூன்றாம் படி: பதினான்கு நாள் இடைவெளி

ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் ருது சந்தி. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அது கார்த்திகைக் கடைசி வாரமும் மார்கழி முதல் வாரமும். முதல் ஏழு நாள் ரசத்தைக் குறைக்காமல் நெய்யை மட்டும் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள். அடுத்த ஏழு நாளில் உளுந்தோ எள்ளோ ஒருநாள் விட்டு ஒருநாள். நாக்குச் சோதனை தேறினால் தினமும். பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: முதல் பனி விழுந்த அன்றே ஆட்டுக்கால் பாயாவில் இறங்கிவிடுகிறார்கள்.

நான்காம் படி: மார்கழி, தை

இப்போது இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் முன்னுக்கு வரும். காரமும் கசப்பும் துவர்ப்பும் பின்னுக்குப் போகும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டக் கூடாத பருவம் இது. இரவு நீளம் என்பதால் விடியும்போதே நல்ல பசி இருக்கும்.

வெண்பொங்கலுக்குப் பச்சரிசி ஒரு டம்ளர், வாசனை வர வறுத்த பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஓர் அங்குல இஞ்சி, நெய் மூன்று மேசைக்கரண்டி. நால்வர் சாப்பிடலாம். மிளகில் பாதியைத் தட்டிப் போடுங்கள். முழு மிளகைத் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறோம், பொங்கலின் கனத்தைச் செரிக்க வைக்கும் சரக்கே அதுதான். கூடவே இரண்டு வடையும் என்றால் அன்று மதியம் சாப்பாடு பாதியாகட்டும்.

உளுந்தங்களி இந்தப் பருவத்தின் அரசன். தோலுள்ள கறுப்பு உளுந்து 200 கிராம், பச்சரிசி 50 கிராம். இரண்டையும் தனித்தனியாக வறுத்து, சேர்த்து மாவாக்கிச் சலிக்கவும். உளுந்து கறுப்பாக இருப்பதால் வறுபட்டது கண்ணுக்குத் தெரியாது, மூக்கை நம்புங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் துருவிய கருப்பட்டி, மூன்று டம்ளர் தண்ணீர், கால் டம்ளர் நல்லெண்ணெய். இரண்டு டம்ளர் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். மீதி ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, தீயைக் குறைத்து, ஊற்றிக்கொண்டே கிளறவும். கொதிக்கும் பாகில் மாவை நேராகக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும் கட்டிகள் உருளும், பிறகு எதைச் செய்தும் கரையாது. எண்ணெய்யை மூன்று தவணையாக விடவும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இரண்டு எலுமிச்சை அளவு, காலை வேளையில். இரவில் சாப்பிட்டால் மறுநாள் நாக்கே புகார் சொல்லும்.

எள்ளுருண்டைக்குக் கறுப்பு எள்ளைக் கழுவிக் காயவைத்து, படபடவென்று பொரியும்வரை வறுத்து, எடைக்கு முக்கால் பங்கு வெல்லம் சேர்த்து இடித்தால் போதும், எண்ணெய் தானாக விட்டு உருண்டை பிடிக்க வரும். ஒரு நாளைக்கு ஒன்று. சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவில் இந்த மாதங்களில் எள் இனிப்பு வகைகள் நிறைய வரும். வடநாட்டாரும் சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும்தான் உண்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் வெல்லத்தில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுக்கால் சூப். நாலு கால் கொண்ட ஒரு செட்டை கடையிலேயே தீயில் வாட்டி வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கத்தியால் சுரண்டி, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் கழுவவும். குளம்பிடுக்கில் ஒரு முடி இருந்தாலும் சூப் முழுக்கப் பொசுங்கிய வாடை அடிக்கும். சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு பத்துப் பல், இஞ்சி ஓர் அங்குலம், மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒன்று, தனியா ஒரு மேசைக்கரண்டி, எல்லாவற்றையும் தட்டிக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம். உப்பு கடைசியில். மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை எடுத்துவிடலாம். வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, மாலை ஆறு ஏழு மணிக்குள், தனியாகவோ இடியாப்பத்தோடோ. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டால் சூப்பின் நன்மையை மைதா விழுங்கிவிடும். யூரிக் ஆசிட் கூடுதலாக உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

மீனை ஆயுர்வேதம் சூடும் கனமும் உடையதாக, வாதத்தைத் தணித்து கபமும் பித்தமும் கூட்டுவதாகச் சொல்கிறது. பனிக்காலத்தில் மதிய வேளைக்குப் பொருந்தும். நெத்திலியோ சங்கராவோ, நல்லெண்ணெயில் பூண்டு தூக்கலாக வைத்த புளிக்குழம்பு வறுவலைவிட மேல். கருவாட்டில் உப்பு அதிகம், வாரம் ஒருநாளுக்கு மேல் வேண்டாம்.

காய்களில் சேனை, பிடிகருணை, சர்க்கரைவள்ளி, முள்ளங்கி, பரங்கி எல்லாம் நல்லது. தையில் வரும் பச்சை மொச்சையும் அவரையும் வாயுப் பண்டம். விடச் சொல்லவில்லை, பெருங்காயம், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் இவை இல்லாமல் சமைக்க வேண்டாம். பனங்கிழங்கையும் வேகவைக்கும்போது மஞ்சளும் மிளகும் உப்பும் சேருங்கள். நார் உரித்து, மென்று தின்ன வேண்டும்.

தயிர் பனிக்கு ஆகாது என்று பலரும் ஒதுக்குகிறார்கள். சரகர் தயிரைப் பெரும்பாலும் விலக்கச் சொல்வது இலையுதிர், கோடை, வசந்த காலங்களில். பனிக்காலத்தில் மதியம், சூடாக்காமல், துருவிய இஞ்சியோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிடலாம். எந்தப் பருவத்திலும் இரவில் மட்டும் கூடாது.

எண்ணெய்க் குளியலைச் சாப்பாட்டோடு சேர்த்தே எண்ண வேண்டும். வாரம் இருமுறை, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம், பிறகு உடம்புக்கு வெந்நீர், தலைக்குச் சூடு குறைந்த நீர். அன்று மிளகு ரசச் சாதம். பகல் தூக்கம் கிடையாது. காய்ச்சல், சளி, அஜீரணம் இருந்தால் குளியலைத் தள்ளிப்போடுங்கள்.

சேரக் கூடாதவை, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள்

மீனும் பாலும் ஒரே வேளையில் வேண்டாம். மீன் சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீமும் இதில் அடக்கம். நெய்யும் தேனும் சம எடையில் கலக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் அறவே கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரைதான், "நாட்டுச் சரக்கு" என்பதால் விலக்கு கிடையாது. அவர்கள் உளுந்தைக் களியாக இல்லாமல் மிளகு போட்ட உளுந்தங்கஞ்சியாக, உப்பிட்டுச் சாப்பிடலாம். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் திப்பிலி, மிளகு, கொள்ளு மூன்றையும் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தக்காரர்கள் ஊறுகாயையும் கருவாட்டையும் விட்டுவிடட்டும். ரத்தம் உறையாமல் இருக்கவோ வலிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள், லேகியமும் திரிகடுகமும் (சுக்கு, மிளகு, திப்பிலிக் கலவை) தினமும் எடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மிளகும் திப்பிலியும் மாத்திரையின் வேகத்தை மாற்றக்கூடும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் ரசத்தை நம்பி உட்காராமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், மழை முடிந்த மாதங்கள் டெங்கு மாதங்கள்.

மாசியில் இறங்குவது

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஆகவே மாசி பிறந்ததும் நெய்யை நிறுத்த வேண்டாம். ஆனால் பனிக்காலத்தில் சேர்ந்த கபம் வெயில் ஏற ஏற உருகத் தொடங்கும் என்று ஆயுர்வேதம் சொல்கிறது. பங்குனியில் காரணமே தெரியாமல் வரும் சளியும் மந்தமும் அதுதான். மகா சிவராத்திரியை ஒட்டிய இரண்டு வாரத்தை அடுத்த சந்தியாக வைத்துக்கொண்டு, முதலில் எள்ளுருண்டையையும் களியையும், பிறகு பாயாவையும் குறையுங்கள். புது அரிசிக்குப் பதில் பழைய அரிசி, வெல்லத்துக்குப் பதில் ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி தேன், குழம்பில் புளியைக் குறைத்து வேப்பம்பூ ரசம். மிச்சமிருக்கும் உளுந்து மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். அதற்கு மேல் சிக்கு வாடை வந்தால் களி கிண்டாதீர்கள்.